மூன்றாம் ஓலை

கேள்வி வருவதற்கு இன்னும் அரைமணி நேரமாவது இருக்கும். அருமைநாயகம் வாசலில் கொடுத்த தாளை மடியில் விரித்து, எதற்குப் பிறகு எது என்று விரலால் தடவிக்கொண்டே வந்தார். பாட்டு, ஜெபம், வேதவாசகம், பிரசங்கம், அதற்கப்புறம் ஓலை. ஊரில் என்றால் ஓலை பிரசங்கத்துக்கு முன்னாலேயே வந்துவிடும். கல்யாணச் சேதி காதில் விழுந்த பிறகு பிரசங்கத்தை யார் கேட்பார்கள் என்று இந்த டொரண்டோக்காரர்கள் மாற்றி வைத்துக்கொண்டார்கள் போல, விவரமானவர்கள்தான். கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு சபையில் பெண் பெயரையும் மாப்பிள்ளை பெயரையும் சொல்லி, இந்த விவாகத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் இப்போதே சொல்லட்டும் என்று கேட்பதற்கு அவர்கள் பக்கத்தில் ஓலை வாசிப்பது என்று பெயர். சாயர்புரம் பக்கத்தில் ஒரு சின்னச் சபையில், போலீஸ் வேலையிலிருந்து விருப்ப ஓய்வு பெற்றுச் செயலாளராக உட்கார்ந்த நாளிலிருந்து பதினொரு வருஷமாக அதை வாசித்த தொண்டை அவருடையது. எத்தனை ஜோடி வாசித்திருப்பார், நூறு இருக்குமா, கூட இருக்கும். இன்றைக்கு வாசிக்கப்போகிற ஓலையில் மாப்பிள்ளை கிடையாது, இரண்டு பேரும் பெண். ஒருத்தி கிளேர், இந்த ஊரில் பஸ் ஓட்டுகிறவள். இன்னொருத்தி பியூலா, அவருடைய ஒரே மகள், இதோ இடது கைப்பக்கம் உட்கார்ந்து பாட்டுப் புத்தகத்தின் ஓரத்தைச் சுருட்டிச் சுருட்டி விரித்துக்கொண்டிருக்கிறாள். முதல் இரண்டு ஓலையும் அவர் விமானம் ஏறுமுன்பே வாசித்தாகிவிட்டது. இது மூன்றாவது. கேள்வி வரும்போது அவர் வாயைத் திறந்தால் ஒன்று, திறக்காவிட்டால் ஒன்று. திறக்காமல் இருப்பதும் சாட்சிதான் என்று அவருக்குத் தெரியும். கோர்ட்டில் முப்பது வருஷம் நின்றவருக்கு அதுகூடத் தெரியாதா.

சபைக்குள் வெக்கையாக இருந்தது, வெளியே கை விறைக்கிற குளிர். உள்ளே வந்ததும் பியூலா கோட்டைக் கழற்றச் சொன்னாள், அவர் கழற்றவில்லை. கோட்டில் அந்த வாசனை ஒட்டியிருக்கிறதா என்று மெல்ல மோந்து பார்த்தார். வருகிற வழியில் ரொட்டிக்கடைக்கு அடுத்தாற்போல் இருக்கிறது அந்தக் கடை, பச்சைப் போர்டு, கண்ணாடிக் கதவு, ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்கிறான். கஞ்சாக்கடை. முதல் நாள் மூக்கு சொன்னதை அவர் நம்பவில்லை. முப்பது வருஷம் மதுவிலக்குப் பிரிவில் இருந்த மூக்கு அது, பஸ்ஸுக்குள் நாற்பது பேர் வேர்வைக்கும் கருவாட்டுக் கூடைக்கும் நடுவில் ஒரு பொட்டலத்தைக் கண்டுபிடித்துவிடும். ஏட்டையா மூக்கு நாய் மூக்கு என்று ஸ்டேஷனில் சொல்லுவார்கள், அதில் அவருக்குப் பெருமைதான். புதன்கிழமை தனியாக நடக்கப் போனவர் உள்ளேயே நுழைந்துவிட்டார், ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது, கால் பழகிய வழி. வாசலில் நின்ற பையன் வயசுக்கு அத்தாட்சி கேட்டான். அறுபத்தாறு வயசு நரைத்த மனுஷனிடம். ஆயிரம் பேரை நிறுத்தி மடியை அவிழ்க்கச் சொன்னவர் பாஸ்போர்ட்டைக் கோட்டுப் பைக்குள் தேடிக்கொண்டு நின்றார். உள்ளே நகைக்கடை மாதிரி வெளிச்சம். தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு ஒரு கிழவி, ஆஸ்பத்திரியில் மருந்து வாங்குவதுபோலப் பொறுமையாக விசாரித்துக்கொண்டிருந்தாள். கல்லாவில் இருந்த பெண் இவரிடம் வலிக்கா, தூக்கத்துக்கா என்று கேட்டாள். சும்மா பார்க்க வந்தேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்து ஒரு கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். சிரிப்பு வந்ததா, வயிற்றெரிச்சலா, இரண்டும்தான். ஊரிலும் இந்தக் கூத்து கொஞ்சம் உண்டு. அரசாங்கமே பிராந்திக் கடை நடத்தும், அந்தக் கடைக்கு எதிரில் மதுவிலக்குப் பிரிவு ஜீப்பை நிறுத்திவிட்டு அவர் கள்ளச்சாராயக்காரனைத் துரத்துவார். யாராவது கேட்டால் சட்டம் அப்படி என்பார். யாரும் கேட்டதில்லை.

பாட்டு முடிந்து எல்லோரும் உட்கார்ந்தார்கள், அவரும் உட்கார்ந்தார். பிரசங்க மேடைக்கு ஏறியது ஒரு பொம்பளை. ஊரில் குருவானவரை ஐயர் என்பார்கள், அவர் மனைவியை ஐயரம்மா என்பார்கள். இங்கே அம்மாதான் ஐயர், அவள் புருஷன் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து கொட்டாவி விடுகிறார், கரண்டு வேலை பார்க்கிறவராம். மனசுக்குள் ஐயரம்மா என்றே வைத்துக்கொண்டார், வேறு என்ன சொல்ல. அவள் இங்கிலீஷ் பாதிதான் பிடிபட்டது. ஊர் ஐயர் போன வருஷம் அறுப்பின் பண்டிகையில் செய்த பிரசங்கம் முழுசாக ஞாபகம் இருக்கிறது. கடைசிக் காலத்துக்கு அடையாளம் என்று ஒரு பட்டியல் போட்டார், மேல்நாட்டில் ஆணும் ஆணும் கட்டிக்கொள்கிறான், பெண்ணும் பெண்ணும் கட்டிக்கொள்கிறாள், அரசாங்கமே லைசென்ஸ் கொடுத்துக் கஞ்சா விற்கிறான் என்று ஒரே மூச்சில். ஆமென் என்று முதலில் சொன்னது அருமைநாயகம்தான், சத்தமாக. அப்போது பியூலா சொல்லியிருக்கவில்லை. அந்த ஆமென் இப்போது தொண்டையில் மீன்முள் மாதிரி நிற்கிறது, விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. இரண்டையும் ஒரே தராசில் வைத்தது சரியா. கஞ்சா ஒரு இலை, வேண்டாம் என்றால் விட்டுவிடலாம், அதனால் கெட்டுப்போன பிள்ளைகளை அவர் கண்ணாலேயே பார்த்திருக்கிறார், பெற்ற தாயையே அடையாளம் தெரியாமல் உட்கார்ந்திருந்த ஒருவனைப் பார்த்திருக்கிறார், கடை போட்டு விற்பது தப்பு என்று இன்றைக்கும் சொல்லுவார். ஆனால் பியூலாவை எதை விடச் சொல்லுவது. நாற்பது நெருங்கும்வரை எட்டு மாப்பிள்ளையைத் தட்டிக்கழித்த பிள்ளை, ஒவ்வொரு தடவையும் அம்மாவிடம் அடி வாங்காத குறை. விட முடிந்திருந்தால் அந்த எட்டில் ஒன்றில் விட்டிருக்க மாட்டாளா. சரி, அப்படியானால் வேதத்தில் எழுதியிருப்பது. அதுவும் எழுதித்தானே இருக்கிறது, அவரே ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டியிருக்கிறார். கூடவே, ஆளுகிறவர்களைக் கர்த்தர்தான் வைத்திருக்கிறார், அதனால் சட்டத்துக்கு அடங்கி நடக்க வேண்டும் என்றும் சொல்லிக் கொடுத்திருக்கிறார், லத்தி பிடித்த கைக்கு அந்தப் பாடம் ரொம்பப் பிடிக்கும். இந்த நாட்டையும் யாரோ ஆளத்தானே செய்கிறார்கள். தண்டிக்கும்போது சட்டம் கர்த்தருடையது, அனுமதிக்கும்போது மட்டும் மனுஷனுடையதா. இந்த இடத்தில் வந்து வந்து அவர் மனசு முட்டிக்கொண்டு நின்றது, ஒரு வாரமாக இதே இடம், பாத்ரூமிலும் படுக்கையிலும் இதே இடம்.

போனில்தான் சொன்னாள், மாசி மாசத்தில், அவர் பெண்சாதி பொன்மணியும் அவரும் ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருக்கையில். பொன்மணி போனை அவர் கையில் திணித்துவிட்டு அடுக்களைக்குள் போய்த் தேங்காய் திருக ஆரம்பித்தாள், மூன்று தேங்காய் திருகினாள், அன்றைக்கு எதற்கும் தேங்காய் தேவையில்லை. பிறகு விசாவும் டிக்கெட்டும் வந்தபோது அவள்தான் பெட்டி கட்டினாள். முறுக்கு வைத்தாள், மிளகாய்ப்பொடி வைத்தாள், "நீங்க போயி அவளக் கூட்டிட்டு வாங்க, வேற ஒண்ணும் பேசாண்டாம்" என்றாள். நாற்பது வயசுப் பிள்ளையை எப்படிக் கூட்டிக்கொண்டு வருவது, தோளில் போட்டா. வந்த இரண்டாம் நாள், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, அவர் கேட்டார், இங்கே சர்ச்சில்தான் வைக்க வேண்டுமா என்று. நகராட்சி ஆபீஸில் ஒரு தாள் வாங்கினால் போதும், அரைமணி நேரத்து வேலை என்று அவளே முன்னால் சொல்லியிருந்தாள். "ஓலை வாசிக்கணும்னு நாந்தாம்ப்பா கேட்டேன்" என்றாள் பியூலா. "இங்க யாரும் இப்பல்லாம் கேக்குறதில்ல. பாஸ்டரே பழைய புஸ்தகத்தத் தேடித்தான் எடுத்தாங்க. இங்க வர்ற வரைக்கும் ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் நீங்க வாசிச்சுக் கேட்டவ நானு. என் பேர வாசிக்காமக் கல்யாணம் பண்ணுனா எனக்குக் கல்யாணம் மாதிரியே இருக்காது." அவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "வர மனசில்லன்னா வராண்டாம்ப்பா. வந்தா சும்மா உக்காந்திருங்க. அது போதும்." சும்மா உக்காந்திருப்பதா, அதைவிடக் கஷ்டமான வேலையை அவள் கேட்டிருக்க முடியாது. அந்தக் கிளேர் இருக்கிறாளே, ஆள் ஆறடி, பேச்சு கம்மி, தமிழில் அப்பா, சோறு, மெல்ல என்று மூன்று வார்த்தை வைத்திருக்கிறாள். இன்று காலை கோட்டுக்குள் குனிய முடியாமல் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றவரிடம் ஒன்றும் கேட்காமல் தரையில் உட்கார்ந்து இரண்டு காலுக்கும் கயிறு கட்டிவிட்டாள், இறுக்கமா என்று தலையை ஆட்டிக் கேட்டாள். வெறுப்பதற்கு ஏதாவது கிடைக்குமா என்று வந்த ஆறு நாளாகத் துப்புத் துலக்கிப் பார்த்துவிட்டார். காப்பியில் சர்க்கரை அதிகம் போடுகிறாள், அவ்வளவுதான் அகப்பட்டது. அவளுடைய அப்பா நாலு மணி நேரக் கார்ப் பயணத் தூரத்தில்தான் இருக்கிறாராம். வரமாட்டாராம். அதைச் சொல்லும்போது கிளேர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று பியூலா சொன்னாள்.

தடை. அந்த வார்த்தையைத் தமிழில் நினைத்தபோதுதான் இசக்கிமுத்து மனசில் வந்து நின்றான், கூப்பிடாமல். அவனை மறந்துவிட்டதாகத்தான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார். கம்பம் பஸ்ஸில் வைத்துப் பிடித்தது, பலாப்பழச் சாக்குக்குள் மூன்று கிலோ கஞ்சா, கூலிக்குச் சுமந்தவன், ஐந்து வருஷம் போட்டார்கள். அதில் தப்பில்லை, சட்டம். இரண்டாவது வருஷம் அவன் மகள் கல்யாணத்துக்கு மூன்று நாள் விடுப்புக் கேட்டு ஜெயிலிலிருந்து மனுப் போட்டான், ஸ்டேஷன் அபிப்பிராயம் கேட்டுத் தாள் வந்தது. இன்ஸ்பெக்டர் எதையும் படிக்க மாட்டார், ஏட்டையா எழுதினால் கையெழுத்துப் போடுவார். தலைமறைவாகிவிட வாய்ப்புண்டு, விடுப்புக்கு ஆட்சேபணை உள்ளது என்று அருமைநாயகம் நல்ல கையெழுத்தில் எழுதினார். முழங்கால் வீங்கிப்போன இசக்கிமுத்து பஸ் ஸ்டாண்டு தாண்டி ஓடமாட்டான் என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் ஏன் எழுதினார். விடலாம் என்று எழுதி அவன் ஓடிப்போனால் கேள்வி இவரிடம் வரும், விடாதே என்று எழுதினால் ஒன்றும் வராது. தடை எழுதுகிறவனை எந்த மேலதிகாரியும் கூப்பிட்டு ஏன் என்று கேட்டதில்லை. அதுதான் விஷயம், வேறொன்றும் இல்லை, இதில் கர்த்தருமில்லை சட்டமுமில்லை. அவன் பெண்சாதி ஸ்டேஷனுக்கு வந்தாள். "ஏட்டையா, மூணு நாளு வேண்டாம். தாலி கட்டுத நேரத்துக்கு மட்டும் கூட்டியாந்து கூட்டிட்டுப் போயிருங்க. வெலங்கு போட்டுக் கொண்டாந்தாலும் சரி, புள்ள அவுகள ஒருவாட்டி பாத்துக்கிடட்டும்." சட்டம்மா, நான் என்ன செய்ய என்றார் அவர், தேநீர் ஆறிக்கொண்டிருந்தது என்பதும் ஞாபகம் இருக்கிறது. அவள் சண்டை போடவில்லை, சேலைத் தலைப்பால் மேஜை ஓரத்தைத் துடைத்துவிட்டுப் போனாள், ஏன் துடைத்தாள் என்று இன்றுவரை தெரியவில்லை. அவளுடைய மகளுக்குக் கல்யாணம் நடந்தது, அப்பன் இல்லாமல். அந்த மூன்று கிலோ இங்கே ரொட்டிக்கடைக்குப் பக்கத்துக் கடையில் ஒரு நாளில் விற்றுப்போகும். கோட்டுப் பித்தானைக் கழற்றினார், காற்று கொஞ்சம் உள்ளே போயிற்று. கர்த்தாவே, நான் செய்தது தப்பு என்று சொன்னார், உதடு அசையாமல், இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக. சொன்ன பிறகு ஒன்றும் நடந்துவிடவில்லை, முன் பெஞ்சில் யாரோ தும்மினார்கள்.

பிரசங்கம் எப்போது முடிந்தது என்று அவர் கவனிக்கவில்லை. ஐயரம்மா கீழே இறங்கி வந்து ஒரு தாளைப் பிரித்தாள், தாள் பிரிகிற அந்தச் சத்தம் அவருக்குத் தெரிந்த சத்தம். பியூலாவின் விரல் புத்தக ஓரத்தில் நின்றுவிட்டது. இது மூன்றாவதும் கடைசியுமான முறை என்று ஐயரம்மா சொன்னாள், அதற்கு இங்கிலீஷ் வேண்டாம், எந்த மொழியில் சொன்னாலும் அவருக்குப் புரியும். கிளேரின் பெயரை வாசித்தாள். பிறகு பியூலா அருமைநாயகம் என்று வாசித்தாள், நாலு இடத்தில் தடுக்கி விழுந்து எழுந்து. இந்த நாட்டில் அப்பன் பெயர்தான் பிள்ளைக்குப் பின்பாதி, பாஸ்போர்ட்டில் அப்படித்தான் போட்டிருக்கிறார்கள். தன் பெயரை இந்தச் சபையில் யாரோ உரக்கச் சொல்லக் கேட்டதும் அருமைநாயகம் எழுந்து நின்றார். முடிவெடுத்துவிட்டு எழுந்தார் என்று சொன்னால் பொய், எழுந்த பிறகுதான் எழுந்திருப்பதே அவருக்குத் தெரிந்தது. அவர்கள் சபையில் ஓலையில் பெண் பெயர் வந்ததும் பெண்ணைப் பெற்றவன் எழுந்து நிற்பான், யார் எப்போது ஏற்படுத்திய வழக்கமோ. இது என் பிள்ளை என்று சபைக்குக் காட்டுவது. தகப்பன் செத்துப்போயிருந்தால் தாய்மாமன் நிற்பான், ஒருவரும் நிற்காவிட்டால் அந்தப் பெண்ணைக் கைவிட்டார்கள் என்று அர்த்தம். தகப்பன் எழும்வரை அடுத்த வரிக்குப் போகாமல் காத்திருந்து காத்திருந்தே வாசித்தவர் அவர். பெண் பெயர் கேட்டதும் கால் தானாகக் காரியத்தைப் பார்த்துவிட்டது. ஆனால் இந்தச் சபையில் அந்த வழக்கம் யாருக்குத் தெரியும். இங்கே ஓலைக்கு நடுவில் ஒருத்தன் எழுந்து நின்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். அது அவருக்கு உறைத்தபோது சபை முழுக்கத் திரும்பியிருந்தது, கொட்டாவிக்காரரும் திரும்பியிருந்தார். கிளேர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அடி விழப்போகிற பிள்ளை மாதிரி. பியூலா அவரைப் பார்க்கவே இல்லை. "அப்பா" என்றாள், அதட்டலும் இல்லை, கெஞ்சலும் இல்லை, எதிர்பார்த்ததுதான் என்கிற குரல். அதுதான் அவரைச் சுட்டது. இவ்வளவு நாளும் இதைத்தான் என்னிடம் எதிர்பார்த்துக்கொண்டிருந்தாயா பிள்ளை என்று அழுகை வந்தது, சரியாகத்தானே எதிர்பார்த்திருக்கிறாள், அரைமணி நேரத்துக்கு முன்புவரை அவருக்கே தெரியாதே. இப்போதும் உட்கார்ந்துவிடலாம், மூட்டு வலி என்று சொல்லிவிடலாம். சரியா தப்பா என்ற கணக்கு தீரவில்லை, தீரும் என்றும் தோன்றவில்லை, அதைக் கர்த்தரிடம் தனியாகத்தான் பேசிக்கொள்ள வேண்டும், பொன்மணியிடமும். ஆனால் பெயர் வாசித்தாகிவிட்டது, பிள்ளைக்கு ஆள் நிற்க வேண்டும். ஐயரம்மா தாளைத் தாழ்த்தி, ஐயா, நீங்கள் ஏதாவது சொல்ல வேண்டுமா என்று மெதுவாகக் கேட்டாள். இங்கிலீஷ் ஒரு சொல்கூட வாய்க்கு வரவில்லை.

"ஏட்டி, இவங்களுக்குச் சொல்லு" என்றார் பியூலாவிடம். "தடையெல்லாம் ஒண்ணுமில்ல. நம்மூர்ல ஓலை வாசிச்சா பொண்ணுக்கு அப்பன் எந்திரிச்சு நிக்கணும்லா. அதச் சொல்லு."

பியூலா அண்ணாந்து அவரைப் பார்த்தாள், வாய் கோணிற்று, கையால் மூடிக்கொண்டாள். கிளேர் என்னவென்று தெரியாமல் அவள் முழங்கையைத் தொட்டாள். பிறகு பியூலா எழுந்து நின்று ஐயரம்மாவிடம் இங்கிலீஷில் சொன்னாள், நடுவில் இரண்டு தடவை நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டு. ஐயரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். கிளேர் மட்டும் பியூலா சொன்னதைக் கேட்டுவிட்டு, அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, பியூலாவிடம் காதோடு ஏதோ கேட்டாள்.

"என்னவாம்" என்றார் அவர்.

"அவளுக்கு யாரு நிப்பான்னு கேக்காப்பா."

அருமைநாயகம் கோட்டை இழுத்துச் சரிசெய்துகொண்டார். "நிக்கேம்லா" என்றார். "வாசிச்சு முடிக்கச் சொல்லு."